கோடு விழாத கருப்பு வண்டி

எங்கள் தெருவில் என்னைக் கார்க்காரர் என்று யாரும் சொல்வதில்லை. கார் துடைக்கிறவர் என்றுதான் சொல்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு அது. வழி கேட்டு வருகிறவர்களுக்கு, "கருப்பு காரைத் துடைச்சிகினு இருப்பாரே ஒருத்தரு, அதுக்கு ரெண்டாவது வூடு" என்று அடையாளம் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருஷம் சர்வேயராக இந்தப் பக்கத்து நிலங்களையெல்லாம் அளந்து கல் நட்டேன். கடைசியில் நானே ஒரு கல்லாக நிற்கிறேன்.

கார் வாங்கியதற்குக் காரணம் என் மனைவி. அவள் பள்ளிக்கூட டீச்சர். பதவி உயர்வில் தலைமையாசிரியையாகக் கல்வராயன் மலைக்குப் போட்டார்கள். வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் உள்ளே, பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கும் பள்ளி. திங்கட்கிழமை விடியும்போது பஸ் ஏறுவாள், வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது இறங்குவாள். மலை வளைவுகளில் நின்றுகொண்டே போய் வந்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஒரு கார் எடுங்களேன். திங்கக்கிழமை வுட்டுட்டு வெள்ளிக்கிழமை கூட்டிகினு வந்தா போதுங்க. வேற எதுக்கும் நான் கேக்க மாட்டேன்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

வெள்ளை எடுக்கச் சொன்னாள், தூசி தெரியாதாம். வேலை பார்த்த காலம் முழுக்க வெள்ளை ஜீப்பில் போனவன் நான். வெள்ளை என்றாலே எனக்கு ஆபீஸ் வாசனை அடிக்கும். கருப்புதான் என்று பிடிவாதமாக நின்றேன். இரண்டு மாதம் காத்திருந்து எடுத்தோம். வாசலில் வந்து நின்றபோது எதிர்வீட்டு முருங்கை மரம் இலை இலையாக அதன் கதவில் தெரிந்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. இதை நான் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த நாள் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தோம். அங்கேதான் என் கிறுக்கு முதலில் வெளியே தெரிந்தது. கோயில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அது கருப்பு பெயிண்டில் விழுந்து காய்ந்தால் வட்டம் வட்டமாக வெள்ளைக் கறை பிடிக்கும் என்று செல்போனில் பார்த்து வைத்திருந்தேன். அதனால் கடையில் ஒரு கேன் குடிதண்ணீர் வாங்கிப்போய் உபதேசியார் கையில் கொடுத்து, "ஃபாதரை இந்தத் தண்ணியில மந்திரிக்கச் சொல்லுங்க" என்றேன். உபதேசியார் என்னைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். ஃபாதர் நல்லவர், ஒன்றும் கேட்கவில்லை. கேன் தண்ணீரைத்தான் மந்திரித்தார். ஆனால் முறைப்படி அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டார். எனக்கு உயிரே போயிற்று. அவர் தெளித்துக்கொண்டே முன்னால் போக, நான் துணியை வைத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனேன்.

"தீர்த்தத்தைப் போயித் தொடைக்கிறீங்களே" என்றாள் அவள், உதட்டை அசைக்காமல்.

"சாமி உள்ள எறங்கியிருக்கும். தண்ணிதானே மேல நிக்குது" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

கார் சாமான் விற்கும் பாய் ஒருவர் கடைவீதியில் இருக்கிறார். என் வயதுக்காரர். அவர்தான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். எச்சரித்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். "கருப்பு எடுத்தவன் ரெண்டு தினுசு சார். ஒருத்தன் ஒரே மாசத்துல தொடைக்கிறதை வுட்டுடுவான். இன்னொருத்தன் வூட்டையே வுட்டுடுவான். நீங்க மொத ஆளா இருந்துக்குங்க, அதான் நல்லது" என்றார். அதைச் சொல்லிவிட்டு இரண்டு பக்கெட், நாலு பஞ்சுத் துணி, ஒரு டப்பா ஷாம்பு எல்லாம் எடுத்துக் கொடுத்தார். வியாபாரி.

இரண்டு பக்கெட் எதற்கென்றால், ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். ஒரே பக்கெட் என்றால் எடுத்த மண்ணையே திரும்ப வண்டியில் தேய்க்கிறோம் என்று அர்த்தம். மேலிருந்து கீழே வர வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். வெயிலில் கழுவக் கூடாது. தூசியோடு உறை போட்டு மூடக் கூடாது, காற்றில் உறை ஆடி ஆடி அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். காக்கை எச்சம் விழுந்தால் தேய்க்காமல் ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டும். கரும்பு ஆலை ஓடும் மாதங்களில் எங்கள் ஊரில் கரித்தூள் பறக்கும். அது விழுந்தால் ஊதித்தான் தள்ள வேண்டும். கோடு பார்ப்பதே தொழிலாக இருந்தவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. மயிரிழைக் கோட்டைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன்.

முதல் ஐந்தாறு வாரம் சொன்னபடி அவளை மலைக்குக் கொண்டுபோய் விட்டேன். வெள்ளிக்கிழமை போய் அழைத்துவந்தேன். அவள் பையிலிருந்து கடலை எடுத்துத் தோல் உரித்து என் வாயில் போடுவாள். தோலை ஒரு கவரில் சேர்த்து வைத்துக்கொள்வாள். கோமுகி அணை தாண்டி மேலே ஏறும்போது ஜன்னலை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஆறு வாரம் அவள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஒரு நாள் கதவுப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில் பிறை பிறையாகக் கோடுகள் பார்த்தேன். அவள் பக்கத்துக் கதவு. விரலை விட்டு இழுக்கும்போது கல்யாண மோதிரம் உரசியிருக்கிறது. "மோதிரத்தைக் கழட்டிட்டுத் தொற" என்று சொன்னேன். அவள் மோதிரத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கழற்றவில்லை. அன்றிலிருந்து கதவைத் தொடுவதை விட்டுவிட்டாள். நான் சுற்றிவந்து திறக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். எதிர்வீட்டு அம்மா தன் புருஷனிடம், "பாரு, சாரு எப்டி சம்சாரத்துக்குக் கதவைத் தொறந்து வுடறாரு. நீயும் இருக்கிறியே" என்று சண்டை பிடித்ததாகக் கேள்விப்பட்டேன்.

அப்புறம் மலைச்சாலையை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். ஜல்லி கொட்டியிருந்தது. முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து தெறித்து வந்த ஒரு கல் பானெட்டில் கடுகளவு பெயிண்டைப் பெயர்த்துவிட்டது. அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளை அடிவாரம் வரை கொண்டுபோய் அங்கே பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கடுத்த வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கே ஆட்டோ பிடிக்கச் சொன்னேன், ஏனென்றால் முதல் நாள்தான் கழுவியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் "சரிங்க" என்றாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்கு அவள் போன் செய்தாள். வெள்ளிமலையில் நிற்கிறாள், பஸ் வரவில்லை, வழியில் எங்கோ ரிப்பேராகி நிற்கிறதாம்.

"காய்ச்சல் அடிக்குதுங்க. காலையிலேர்ந்தே. நிக்க முடியல. நீங்க வந்து கூட்டிகினு போறீங்களா?"

அன்று காலையில்தான் மலையில் புதுத் தார் ஊற்றுகிறார்கள் என்று பாய் கடையில் கேட்டிருந்தேன். புதுத் தார் டயரில் ஒட்டிக் கதவுக்குக் கீழே பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். எடுக்க மண்ணெண்ணெய் போட வேண்டும், மண்ணெண்ணெய் போட்டால் மேல்பூச்சு போய்விடும். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது.

"இன்னிக்குத் தார் போடறாங்களாம். ஒரு மாத்திரையைப் போட்டுக்கினு கொஞ்ச நேரம் உக்காரு. வேற பஸ் வந்துடும்" என்றேன்.

"சரிங்க. வச்சிடறேன்" என்றாள்.

ஏழு மணி வாக்கில் ஒரு மினி லாரி தெருவுக்குள் வந்தது. மரவள்ளிக்கிழங்கு லோடு. முன்னால் டிரைவருக்கும் லோடுமேனுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். புடவை முழுக்கச் செம்மண். இறங்கி நின்று, லாரி திரும்பும்போது அவள் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி, "பாத்து எடுங்க தம்பி, கார் மேல பட்டுடப் போவுது" என்றாள்.

காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. காரின் பக்கவாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்த பிறகு கேட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. மூன்று நாள் படுத்திருந்தாள், நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், குடித்தாள். பிறகு மலைக்குப் போனாள். அந்த வார வெள்ளிக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றானது, பிறகு மாதத்துக்கு ஒரு முறை. ஈஸ்டருக்கு வந்தாள், பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். கோடை விடுமுறைக்கு மணலூர்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். போகும்போது என் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். கோபமாக இருந்தால் தைத்திருப்பாளா என்று எண்ணி நானே சமாதானம் செய்துகொண்டேன்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் ஒன்றும் தோன்றவில்லை. பொய் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, அப்படி நானே என்னைத் தட்டிப் பார்த்தேன். வலிக்கவில்லை. பெயிண்டில் படிந்த பொடி வெறுங்கைக்குத் தெரியாது. கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவினால் ஒவ்வொரு துகளும் நெருடும். சனிக்கிழமை முழுக்கப் பையை மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தடவுவேன். நெருடிய இடத்தில், துகளை ஒட்டி இழுக்கவென்று பாய் கொடுத்த களிமண் கட்டியை உருட்டி எடுப்பேன். மதியம் ஆகிவிடும். பசி தெரியாது. எதிர்வீட்டுக்காரர், "இன்னா சார், கொயந்தையைக் குளிப்பாட்டியாச்சா?" என்பார். வேண்டுமென்று சொல்லவில்லை, அவருக்கு அது ஒரு பேச்சு. நான் "ஆச்சு, ஆச்சு" என்பேன்.

பாய்தான் ஒரு நாள் நேராகக் கேட்டார். "டீச்சரம்மாவைக் கண்ணுலயே காணோமே சார்?"

"மலையில வேலை ஜாஸ்தி."

"அவுங்களுக்கு வேலை ஜாஸ்தி. உங்களுக்கு வேலை கம்மி. நீங்க போயி கூட்டிகினு வர வேண்டியதுதானே?" என்றார். பிறகு பில் போடப் போய்விட்டார்.

பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். நாளைக்கு வருகிறேன் என்றேன். "பஸ்லயா?" என்று கேட்டாள். கார்லதான் என்றேன். "சரிங்க, வாங்க. சாப்பிடாம வாங்க" என்றாள். அந்த ராத்திரி நான் ஒன்றே ஒன்றுதான் நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அவளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்றால் அவள் இனி வர மாட்டாள்.

மலையில் சாலை வேலை பாதியில் நின்றிருந்தது. உள்சாலையில் எதிரே பஸ் வந்தபோது ஓரம் ஒதுங்கினேன். உண்ணிச்செடிப் புதர் முன்கதவிலிருந்து பின்கதவு வரை கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போனது. நான் இறங்கிப் பார்க்கவில்லை. பார்க்காமல் ஓட்டியதில் எனக்கே ஒரு பெருமை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் நின்று கையைக் காட்டி வண்டியை உள்ளே விட்டார். வளாகத்தில் ஒரு பெரிய பலாமரம். அதன் அடியில் மட்டும் சுத்தமாகப் பெருக்கி, சாணி தெளித்து, நாலு பக்கமும் செங்கல் அடுக்கியிருந்தது. அதற்குள் நிறுத்தச் சொன்னார். "எச்சம்மா காலையிலயே பெருக்கச் சொல்லிட்டாங்க சார். கருப்பு வண்டி, வெயில்ல நின்னா கொதிக்கும்னாங்க. புள்ளைங்க கிட்ட வரக்கூடாதுன்னு செங்கல்லு அவுங்களே அடுக்குனாங்க" என்றார். எச்செம் என்ற தலைமையாசிரியையை அவர்கள் எச்சம்மா ஆக்கியிருந்தார்கள். பிள்ளைகள் செங்கல்லுக்கு வெளியே வரிசையாக நின்று கதவில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, மாதா படம், ஜன்னலுக்குப் புதுத் திரை. சாமைச் சோறும் கோழிக் குழம்பும் வைத்திருந்தாள். நான் சாப்பிட, அவள் பரிமாறினாள். அவள் முகம் தெளிந்திருந்தது. முழங்கால் எப்படி என்றேன். இங்கே ஏறி இறங்குகிற வேலை இல்லை, வீக்கம் வடிந்துவிட்டது என்றாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"வந்துடு. இனிமே வாராவாரம் நானே வந்து கூட்டிகினு போறேன். வரும்போது கதவுல புதர் இழுத்துடுச்சு. நான் இறங்கிக்கூடப் பாக்கல."

அவள் அதற்குச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். பிறகு தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சிதாங்க போன் பண்ணேன். இருந்தாலும் ஒரு வாட்டி கேட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு. கோவம்லாம் இல்லைங்க. கோவம் இருந்தா சண்டை போட்டிருப்பேன். சண்டை வரலயேன்னுதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கார் தெரிந்தது.

"இன்னிக்கு இங்கயே தங்குங்களேன்" என்றாள். "நாளைக்குப் புள்ளைங்களுக்குக் காலை சாப்பாடு முடிச்சிட்டு, ரெண்டு பேரும் ஒண்ணாவே எறங்கலாம். நானும் வூட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு."

நான் கேட்க வந்தது அதுதான். என் வாயில் "சரி" என்ற வார்த்தை வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அதற்கு ஒரு நொடி முன்னால் என் கண் ஜன்னல் வழியாக மேலே போனது. பலாமரத்தின் கிளையில், காருக்கு நேர் மேலே, இரண்டு பெரிய பழங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காம்பில் பால் வடிந்திருந்தது. ராத்திரி முழுக்க வண்டி அதன் அடியில் நிற்கும்.

அவ்வளவுதான். ஒரே ஒரு பார்வை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் போன வழியே அவள் கண்ணும் போய், மரத்தைப் பார்த்து, திரும்பி வந்தது.

"தங்கறேன்" என்றேன்.

அவள் எழுந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் செய்வது அது.

"வேணாங்க. வானம் கருத்துகினு வருது. மழைக்கு முன்னாடி எறங்கிடுங்க. தண்ணி பட்டா கறை ஆயிடும்."

அதில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அக்கறையாகத்தான் சொன்னாள். செங்கற்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்து வழி விட்டாள். நான் வண்டியைப் பின்னால் எடுத்தேன்.

கோமுகி அணைக்கு வரும் வரை மழை வரவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் வரவில்லை.